கனகலட்சுமி சிஸ்டர் ஒதுங்கி நின்ற ஐந்து நிமிடம்

மதுரை ஆரப்பாளையத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் இசிஜி எடுக்கிறவன். அங்கே அவசரப் பிரிவில் கனகலட்சுமி சிஸ்டருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். டாக்டர்களே அவரிடம் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பார்கள். நானும் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் இந்த ஊரில் யாரையாவது கையெடுத்துக் கும்பிடச் சொன்னால் நான் அவரைத்தான் கும்பிடுவேன்.

போன தை மாதம் ஒரு மத்தியானம், பாலமுரளி என்ற இருபத்தேழு வயதுப் பையனை அவனுடைய மாமா ஆட்டோவில் கொண்டுவந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தான், வேர்த்துக் கொட்டியது. இசிஜியில் மாரடைப்பின் அடையாளம் அப்பட்டமாகத் தெரிந்தது. சர்க்கரை, பிரஷர், சிகரெட் எதுவும் கிடையாது என்று மாமா அடித்துச் சொன்னார். துடிப்பு நூற்று நாற்பதில் ஓடியது. அதைக் குறைக்கும் ஊசியைப் போடலாம் என்றார் டாக்டர்.

சிஸ்டர் பையனின் கண்ணைப் பார்த்தார். கண்மணிகள் விரிந்து கிடந்தன; ஏதோ போதை வஸ்து உள்ளே போயிருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டாக்டரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, மாமாவை மருந்து வாங்க அனுப்பினார்.

பையனும் தன்னைப்போல சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை என்பது மாமாவின் பேச்சிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டு பாஷையில் கேட்டால் மனம்விட்டுச் சொல்வான் என்று நினைத்து, என்ன எடுத்தாய் என்று அதிலேயே கேட்டார். பத்து வருடம் அவர் பக்கத்தில் நின்றதில் எனக்கும் அது பாதி புரியும். பையன் வாயை இறுக மூடிக்கொண்டான். சொந்த ஜனத்தில் ஒருவருக்குத் தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும். அடுத்த மாதம் அவனுக்கு நிச்சயதார்த்தம் வேறு.

நானாக இருந்தால் அதட்டியிருப்பேன். சிஸ்டருக்குத் தன் தப்பு அப்போதே புரிந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன அலங்காநல்லூர் நர்ஸ் சத்யப்ரியாவைக் கூப்பிட்டார்.

"நான் இருந்தா சொல்ல மாட்டான். நீ கேளு, நான் வெளிய நிக்கிறேன்" என்றார்.

சத்யப்ரியா அவன் பக்கம் குனிந்தாள். "அண்ணே, நீங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். என்ன எடுத்தீங்கன்னு தெரியாம ஊசி போட்டா உங்க உயிருக்கே ஆபத்தாயிரும்ணே."

அவன் அழுதுவிட்டான். பெங்களூர் சிநேகிதர்களோடு லாட்ஜில், காலையில், கொக்கைன். முதல் தடவை.

டாக்டர் அந்த ஊசியைத் தள்ளி வைத்தார். கொக்கைன் இதயத்தை விரட்டிக்கொண்டே, அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயையும் இறுக்கிவிடுமாம். ரத்தத்தையும் உறைய வைக்குமாம். அதற்கு முதல் தடவை, நூறாவது தடவை என்றெல்லாம் கணக்கில்லை. அந்த நேரத்தில் வழக்கமான ஊசி இறுக்கத்தைக் கூட்டிவிடக்கூடும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். பதற்றத்தைத் தணிக்கவும் குழாயை விரிக்கவும் வேறு மருந்து கொடுத்தார். அரை மணி நேரத்தில் வலி இறங்கியது.

ஆஞ்சியோவுக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவன் அம்மா ஓடிவந்தார். சிஸ்டரை அடையாளம் கண்டு, பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று வீட்டு பாஷையில் கேட்டார். நெஞ்சுவலி, இப்போது பரவாயில்லை என்பதற்கு மேல் சிஸ்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம்மவளாக இருந்துகொண்டு என்னிடமே மறைக்கிறாயே என்று அந்த அம்மா எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி ஏசினார். எங்களையெல்லாம் ஒரு பார்வையில் நடுங்கவைக்கிற சிஸ்டர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

பையனுக்கும் பொறுக்கவில்லை. படுத்தபடியே அம்மாவின் கையைப் பிடித்து, அவரைத் திட்டாதே, தப்பு என்னுடையது என்றான். எல்லாவற்றையும் தானே சொன்னான்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிஸ்டரும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.