மணி அடித்த வழக்கு

நான் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர். கதை எழுதுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆர்., ஸ்டேட்மென்ட், கேஸ் டைரி எழுதுவதுதான் வேலை. கதை எழுதக் கூடாது. நான் ஒரே ஒரு முறை எழுதிவிட்டேன்.

1. திங்கட்கிழமை மனிதர்

நான் வேலையில் சேர்ந்தது தாம்பரம் பக்கத்தில் ஒரு ஸ்டேஷனில். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, இருபத்தைந்து வருஷம் கழித்து, எண்பதுகளின் கடைசியில் அதே ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்தேன். முதல் நாள் நாற்காலியைத் துடைத்து உட்காருவதற்குள் குடையோடு ஒருவர் வந்து நின்றார்.

"என் கேஸு இன்னா ஆச்சு சார்?"

பெயர் கோவிந்தன். பீர்க்கன்கரணைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்தவர். அங்கே ஒரு நாள் மணி காணாமல் போனது. சந்தேகம் இவர்மேல் விழுந்தது. நிரூபிக்க முடியாமல் கேஸை மூடிவிட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடம் இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது, ஊரும் 'மணித் திருடன்' என்று பெயர் வைத்துவிட்டது. திருடவில்லை என்று ஸ்டேஷனிலிருந்து ஒரே ஒரு பேப்பர் வேண்டும், அதுதான் அவர் கேட்டது. அடுத்த மாதம் பள்ளிக்கூட ஆண்டு விழா. பழைய ஊழியர்கள் எல்லோருக்கும் அழைப்பு வந்திருந்தது, அவருக்கு மட்டும் வரவில்லை.

"பாக்கலாம்யா" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த திங்கட்கிழமையும் வந்தார், அதற்கடுத்ததும் வந்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

2. வெகு காலமாகக் களவாடியவர்

அப்போது எங்கள் இன்ஸ்பெக்டர் அற்புதராஜ். சிரிக்காமல் சிரிக்க வைக்கிற ஆள். கோவிந்தனை இரண்டு வாரம் கவனித்துவிட்டு, "ரைட்டர் சார், திருடன் எவனாவது வாராவாரம் ஸ்டேஷனுக்கு அட்டெண்டன்ஸ் குடுப்பானா? அந்தாளு கேஸ் கட்டை எடுங்க" என்றார்.

அந்தப் பழைய கேஸ் கட்டை எப்போதோ அழித்திருக்க வேண்டும். அழிக்கச் சொன்ன ஆர்டர் தொலைந்ததால் பிழைத்துக் கிடந்தது. பள்ளிக்கூட வாசலில் நெல்லிக்காய் விற்ற பாக்கியம் என்ற அம்மாளின் ஸ்டேட்மென்டை இன்ஸ்பெக்டர் சத்தமாகப் படித்தார்.

"'மேற்படி வெண்கல மணியை வெகு காலமாகக் களவாடி வருபவர் பியூன் கோவிந்தனே. வேறு எவரும் களவாடி நான் பார்த்ததில்லை.'"

நிமிர்ந்து பார்த்தார். "ஒரே மணியை வெகு காலமா எப்படி சார் களவாட முடியும்? சாயங்காலம் எடுத்துட்டுப் போய், காலையில கொண்டாந்து மாட்டுவாரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

"அந்தம்மாகிட்ட என்ன கேட்டிருப்பாங்க? 'மணிய அட்சது யாரு?' திருடினது யாருன்னு அர்த்தம். அவங்க, 'கோவிந்தன்தான் அடிப்பாரு, ரொம்ப வருஷமா'ன்னு சொல்லியிருக்காங்க. பெல் அடிச்சதைச் சொன்னா, இந்தப் புலவர் களவாடினார்னு எழுதிட்டார். யார் சார் இந்தப் புலவர்?"

கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். என் கையெழுத்து. வேலையில் சேர்ந்த முதல் மாதம். 'அடிச்சார்' என்று எழுதினால் கௌரவக் குறைச்சல் என்று நல்ல தமிழில் எழுதியவன் நான்தான். எழுந்து நின்றேன். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

3. நீட்டு மணி

இன்ஸ்பெக்டர் கோவிந்தனைக் கூப்பிட்டார். "மணி எவ்வளவு பெருசு?"

கோவிந்தன் இரண்டு கையையும் விரித்தார். "இவ்ளோ நீட்டு சார்."

"மணி எப்படிய்யா நீட்டா இருக்கும்?"

"தண்டவாளத் துண்டு சார். வேப்ப மரத்துல கட்டி வச்சிருந்தாங்க. மணின்னுதான் எல்லாரும் சொல்லுவோம்."

மறுபடியும் என்னைப் பார்த்தார்கள். மணி என்றால் வெண்கலம்தானே என்று அதையும் நானே சேர்த்திருந்தேன். அதை நம்பி அந்தக் காலத்து போலீஸ் தாம்பரம் பாத்திரக் கடைகளை எல்லாம் சலித்திருந்தது.

தண்டவாளம் ரயில்வே சொத்தாயிற்றே என்று, அன்றே ஊரப்பாக்கத்துக்கு ஜீப்பில் போனோம். அந்தப் பக்கத்து ரயில் பாதையில் வேலை பார்த்து ரிட்டயரான காசி என்பவரை விசாரித்தோம். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"ஆமா சார், நாங்கதான் எட்த்தோம். அது எங்க சாமான், ஸ்கூலுக்கு சும்மா குட்த்திருந்தோம். ஆபீசர் பாத்தா பேஜாரு. ஸ்கூலு லீவு வுட்டிருந்தாங்க, பட்டப்பகல்ல நாலு பேரா தூக்கினு வந்தோம்."

"மணி காணோம்னு ஊரே தேடிச்சே, ஏன்யா சொல்லலை?"

"மணியத்தான சார் தேடினாங்க? நாங்க எட்த்தது தண்டவாளம்."

திரும்பி வரும்போது, வண்டலூர் தாண்டியதும் இன்ஸ்பெக்டர் சிரிக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதரின் இருபத்தைந்து வருஷத்தை என் பேனா தின்றிருந்தது. வெட்கமாக இருந்தது.

4. அப்படியே எழுதியது

பேப்பரை இன்ஸ்பெக்டர் கொடுத்தார். தலைமை ஆசிரியை கையால் அழைப்பிதழும் வந்தது. விழாவன்று மணியடிக்க கோவிந்தனை மேடைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்கள். அங்கே எலெக்ட்ரிக் பெல். சுவிட்சை ஒரு தடவை அழுத்திவிட்டு, "இது அடிக்கிறது இல்ல சார், அமுக்கறது" என்றார்.

எழுதியவன் நான்தான் என்று அங்கேதான் அவரிடம் சொன்னேன். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை குடையோடு வந்து எதிரே உட்கார்ந்தார். "நானும் ஒரு ஸ்டேட்மென்டு குடுக்கணும். சொல்றத அப்டியே எழுது சார். ஒன் தமிழு வாணாம்."

அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும், சொன்ன வார்த்தையையே எழுதி ரிட்டயரானேன். அப்படி எழுதிய முதல் ஸ்டேட்மென்ட், கோவிந்தனுடையது, அந்தக் கேஸ் கட்டில் கடைசித் தாளாக இருக்கிறது:

"மணிய நான்தான் அட்சேன். தெனமும் அட்சேன். ஒரு நாளு கூட லேட்டா அடிக்கல."