அபியின் மதிப்பெண் பட்டியலுக்கு நான் வைத்த மஞ்சள்

முருகனை நம்பி வாழும் எல்லோருக்கும் வணக்கம். நான் கொல்கத்தாவில் லேக் கார்டன்ஸில் இருக்கிறேன். பக்தி மிகுதியால் பெற்ற மகளின் படிப்பையே கெடுக்கப் பார்த்தவள். அதை அவன் எப்படிச் சரிசெய்தான் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு துர்கா பூஜைக்கு முந்தைய வாரம். என் ஒரே மகள் அபிராமி சட்டம் முடித்துவிட்டு, லண்டனில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். ஆங்கிலத் தேர்வு, இரண்டு பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், ஏன் படிக்க விரும்புகிறாள் என்று ஒரு கட்டுரை, எல்லாம் கொடுத்தாயிற்று. பாக்கி ஒன்றுதான். இங்குள்ள பல்கலைக்கழகம் ஐந்து வருட மதிப்பெண் பட்டியலை உறையில் போட்டு, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்திக் கொடுக்கும். அதைப் பிரிக்காமல் அனுப்ப வேண்டும். பூஜை விடுமுறை முடிவதற்குள் போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும்.

உறை கைக்கு வந்தது. அபி குளிக்கப் போனாள். எங்கள் வீட்டில் எந்த முக்கியமான காகிதமும் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்து, பூஜை அலமாரியில் வைக்காமல் வாசலைத் தாண்டாது. உறைக்கு மேலே வைத்தால் போதுமா, உள்ளே இருப்பதல்லவா முக்கியம் என்று எனக்குத் தோன்றியது. பிரித்தேன். ஒவ்வொரு தாளுக்கும் மஞ்சள், நடுவில் குங்குமம். பிறகு பசை போட்டு ஒட்டியும் வைத்தேன். முத்திரை இரண்டாகக் கிழிந்து கோணலாக நின்றது. என் சாமர்த்தியம் அவ்வளவு.

அபி பார்த்தாள். கத்தவில்லை. "அம்மா, நான் போகக் கூடாதுன்னுதானே பிரிச்சே?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் விளக்கேற்றி, இவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டியிருந்தேன். போக வேண்டும் என்று ஒருநாளும் வேண்டியதில்லை. அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே பயம். அன்று அலமாரி முன்னால் உட்கார்ந்து அழுதேன். "முருகா, என் பிள்ளை போகட்டும். மனசாரத்தான் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் பஞ்சமி, விடுமுறைக்கு முன் கடைசி வேலை நாள். இருவரும் பல்கலைக்கழகம் போனோம். தேர்வுப் பிரிவில் இருந்த வங்காளி அம்மாளிடம் என் அரைகுறை வங்காளத்தில் நானே குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அவர் தாளை எடுத்துக் குங்குமத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். தன் மகனின் ஹால் டிக்கெட்டைச் சரஸ்வதி காலடியில் வைத்து, சந்தனம் கொட்டிப் பாழாக்கிய கதையைச் சொன்னார். கையோடு புதுப் பட்டியலும் அச்சிட்டுக் கொடுத்தார். ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி பூஜைக்கு ஊருக்குக் கிளம்பி அரை மணி ஆகியிருந்தது. போனையும் எடுக்கவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நம்ப மாட்டீர்கள், அந்த மனிதர் திரும்பி வந்தார். மூக்குக் கண்ணாடியை மேசையிலேயே மறந்துவிட்டாராம். அதைப் போட்டுக்கொண்டு அவர் செய்த முதல் வேலை, என் மகளுக்குக் கையெழுத்துப் போட்டதுதான்.

புது உறையை அபி என் பக்கமே காட்டவில்லை. கூரியர் கடை வாசலில் மட்டும் என்ன நினைத்தாளோ, என்னிடம் நீட்டினாள். "தொட்டுக் கும்பிட்டுக்கோம்மா. பிரிச்சிடாதே" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

உறை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இடம் கிடைத்து, ஜனவரியில் அபி கிளம்பினாள். அதற்குப் பிறகு நான் முருகனிடம் எதையும் ஒளித்து வைத்துக்கொண்டு கேட்பதில்லை. நீங்களும் கேளுங்கள். ஆசையோடு பயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அவன் பார்த்துக்கொள்வான். விமான நிலையத்தில் அவள் உள்ளே போய் மறைந்தபோது நான் அழவில்லை என்றால் பொய். ஆனால் அது நான் வாய்விட்டுக் கேட்டு வாங்கிய வரம்.