வராத ரிப்போர்ட்டுக்கு ஒரு சாட்சி

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபது வருடமாகச் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வருகிற ஷூவின் மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். தைக்கிற பெண்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று எனக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தோடுதான் அந்தச் சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வெளியே வந்தேன்.

வேலைக்கு உள்ளே போகும்போது செல்போனை வாசலில் கொடுத்துவிட வேண்டும். மதியம்தான் கைக்கு வரும். வாங்கிப் பார்த்தால், என் கணவரின் கழுத்துக் கட்டியைக் காட்டியிருந்த வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு முறை கூப்பிட்டிருந்தார்கள். டிபன் பாக்ஸைத் திறக்காமலே திருப்பிக் கூப்பிட்டேன். ஒரு நர்ஸம்மா எடுத்தார்.

"உங்க வீட்டுக்காரர் ஏம்மா மூணு வாரமா வரல? டிரீட்மென்ட் வேணாம்னு முடிவு பண்ணிட்டாரா?"

"இன்னா டிரீட்மென்ட்டுங்க? ரிப்போர்ட்டே இன்னும் வரலியே."

நர்ஸம்மா குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிட்டேம்மா. ரிப்போர்ட் அன்னிக்கே அவர் கையில குடுத்தாச்சு. டாக்டர் உக்கார வெச்சு அரை மணி நேரம் பேசினார். கேன்சர்தாம்மா. அடுத்த திங்கக்கிழமையே கரண்ட், அதான் ரேடியேஷன், வெக்க ஆரம்பிக்கணும்னு தேதியும் குடுத்தோம்."

எந்த நாள் என்று கேட்டேன். அவர் சொன்ன வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாகவே நினைவிருந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் நான் சபை நடுவில் எழுந்து நின்று, என் கணவருக்கு ஒன்றுமில்லை, ரிப்போர்ட் நல்லபடியாக வந்துவிட்டது என்று சாட்சி சொன்னேன். டிபன் பாக்ஸ் கையிலிருந்து நழுவியது எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த பெண் எடுத்துக் கொடுத்தபோதுதான் கவனித்தேன்.

அந்தச் சாட்சி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். கட்டி நெல்லிக்காய் அளவு இருந்தது. டாக்டர் அதிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார். அந்த வாரம் எங்கள் சபையின் பெண்கள் சங்கம் வீட்டுக்கு வந்து உபவாசமிருந்து ஜெபித்தது. வீக்கம் பாதியாகக் குறைந்தது. மாத்திரையால் குறைந்ததா, ஜெபத்தால் குறைந்ததா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சங்கத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற டீச்சர். எல்லோருக்கும் அக்கா. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரிப்போர்ட் வந்தப்புறம் நன்றி சொல்றதுக்கு விசுவாசம் எதுக்கும்மா? வர்றதுக்கு முன்னாடியே வந்திடுச்சின்னு சொல்லு. ஆண்டவர் உன் வாயைக் கனப்படுத்துவார்" என்றார். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. வேலை கிடைப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது என்று சாட்சி சொன்னவர்கள் உண்டு. கிடைத்தால் எல்லோரும் பேசுவார்கள். கிடைக்காவிட்டால் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். திருத்திச் சொல்வதற்கென்று ஆராதனையில் நேரம் ஒதுக்கியதில்லை.

அறிவிப்புகள் முடிந்ததும் சாட்சி இருப்பவர்கள் இருந்த இடத்திலேயே எழுந்து நிற்பது எங்கள் வழக்கம். நான் எழுந்தேன். கணீரென்று சொன்னேன். சபை முழுவதும் ஒரே குரலில் "ஸ்தோத்திரம்" என்றது. பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம் உட்காருவோம். வலது பக்கத்தில் என் கணவர் தலையைக் குனிந்திருந்தார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஆண்கள் வரிசையாக வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் ரிப்போர்ட்டைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்பட்டதாகிவிடுமே. ஒரு தையல் விட்டதற்குக் கத்துகிற நான், கட்டிய புருஷனின் கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

சூப்பர்வைசரிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். என் கணவர் ஒரு தோல் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். கேட்டில் நின்று கூப்பிட்டனுப்பினேன். சட்டைப் பையில் டெஸ்டரோடு வந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ரிப்போர்ட் எங்க?" என்றேன்.

"டூல் பாக்ஸ்ல."

அவ்வளவுதான் சொன்னார். கரண்ட் பில் எங்கே என்று கேட்டால் எப்படிச் சொல்வாரோ, அப்படி. எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து, கேட்டில் இருந்த வாட்ச்மேன் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"ஸ்குரூ டிரைவருக்கு அடியில ஒளிச்சு வெக்கிற விஷயமாங்க இது? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போய்ட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ எழுந்து நின்னுட்ட."

"சரி, நின்னுட்டேன். மறுநாள் நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமில்ல?"

"போனா இன்னா ஆகும்? ஆறு வாரம் கரண்ட் வெப்பாங்க. கழுத்து கருத்துப்போய்டும். ஊரே பாக்கும். அப்ப நீ சபை நடுவுல சொன்னது இன்னா ஆகும்?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "என் பேருக்காகவா உசுர வுடப் பாத்தீங்க?" என்றேன்.

"பேருக்காக இல்லம்மா. உங்கம்மா செத்தப்போ நீ ஒரு வருஷம் ஜெபமே பண்ணல. வேதத்தைத் தொடல. நான்தான் கூட இருந்து பாத்தேனே. இதுவும் இப்படி ஆய்ட்டா நீ ஒரேயடியா விட்டுடுவ. நான் இல்லாம போனாலும் உனக்கு ஆண்டவராவது இருக்கணுமில்ல?"

அவர் கட்டியைத் தடவிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "அதுவும் இல்லாம, நீ அன்னிக்கு சொன்னப்போ எனக்கே ஒரு நிமிஷம் ரிப்போர்ட்தான் தப்போன்னு தோணிடுச்சு. நீ பொய் சொல்ற ஆளு இல்லியே."

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என் வார்த்தையை நம்பி ஒரு மனிதர் மூன்று வாரம் கழுத்தில் அந்தக் கட்டியோடு ஏணி ஏறி மோட்டார் கழற்றி மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வியாதி ஒரு பக்கம் இருக்கட்டும், அவரைக் கொல்லப் பார்த்தது என் சாட்சி.

"திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன். அவர் தலையை ஆட்டவில்லை. "பாக்கலாம்" என்றார். அவர் பாக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். நான் சபையில் சொன்னதை நானே எடுக்காத வரை அவர் நகர மாட்டார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அங்கிருந்து நேராகச் செயலாளர் அக்கா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. ஆனாலும், "இப்ப போயி கரண்ட் வெச்சா சாட்சி பொய்யாய்டுமேம்மா. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாரேன். இது உன் விசுவாசத்துக்கு வந்த சோதனை" என்றார். மேஜையில் அவருடைய சுகர் மாத்திரை அட்டை கிடந்தது.

"அக்கா, நீங்க அந்த மாத்திரையை ஒரு மாசம் நிறுத்திட்டு வந்து என்கிட்ட விசுவாசத்தைப் பத்திப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்த மனுஷியிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். ஆனால் அன்று நான் யாரிடமும் தணிந்து பேசுகிற நிலையில் இல்லை, ஆண்டவரிடம்கூட. உம்மை நம்பித்தானே சொன்னேன், என் வாயை இப்படியா கனப்படுத்துவீர் என்று வழி முழுக்க அவரோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் அறிவிப்புகள் முடிந்ததும் எழுந்து நின்றேன். இரண்டு மூன்று பேர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இன்னொரு நல்ல செய்தி என்று நினைத்திருப்பார்கள்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி நான் இங்க சொன்னது உண்மையில்ல" என்றேன். "அப்போ ரிப்போர்ட்ட நான் பாக்கவே இல்ல. வந்திடுச்சின்னு நானா சொன்னேன். ஆனா நெஜமாவே வந்திருந்தது. அவருக்குக் கேன்சர். நான் சொன்னது பொய்யாய்டக் கூடாதுன்னு அவர் ஆஸ்பத்திரிக்கே போகல."

எங்கள் சபையில் அந்த வியாதியின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஜெபக் குறிப்பில்கூடச் சுகவீனம் என்றுதான் எழுதுவார்கள். நான் அந்தப் பெயரைச் சொன்னதும் முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். வழக்கமாகச் சாட்சிக்கு ஸ்தோத்திரம் சொல்கிற அத்தனை வாய்களும் மூடிக் கிடந்தன. உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த பெண் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். வேண்டுமென்று செய்தாளா என்று தெரியாது, ஆனால் செய்தாள்.

அப்போது வலது பக்கத்தில் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. என் கணவர் எழுந்து, நடைபாதையைத் தாண்டி, பெண்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். கல்யாணத்தன்று பலிபீடத்துக்கு முன்னால் நின்றதைத் தவிர நாங்கள் கோயிலுக்குள் சேர்ந்து நின்றதுகூட இல்லை. பெண்கள் முழங்காலை மடக்கி வழி விட்டார்கள். அந்த ஒரு சாண் இடத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தலை நிறைய மல்லிகைப் பூவோடு முன்னால் இருந்த பெண், பேயைப் பார்த்ததுபோல் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு எத்தினி மணிக்கு பஸ்சு?" என்றார்.

"ஆறு மணிக்கு."

போதகர் பாட்டு எண்ணைச் சொன்னார். குரல் உடைந்ததால் இரண்டாவது முறையும் சொல்ல வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை டாக்டர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புதிதாக எடுத்த ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "மூணு வாரம் சின்ன விஷயம் இல்லம்மா. கொஞ்சம் பெருசாயிருக்கு. ஆரம்பிப்போம், பாக்கலாம்" என்றார். பெருசாயிருக்கு என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. என் கணவரிடம் மன்னிப்பு கேட்டால் அவர், "வுடு, ரெண்டு பேரும் சேந்துதானே பண்ணோம்" என்கிறார். அதைக் கேட்டால் இன்னும் அழுகைதான் வருகிறது. இதை எழுதும்போது பதினேழு நாள் கரண்ட் வைத்தாகிவிட்டது. கழுத்து கருத்திருக்கிறது. கஞ்சி மட்டும்தான் விழுங்குகிறார். அந்தக் கஞ்சியைப் பாதி நாள் செயலாளர் அக்காதான் காய்ச்சிக் கொண்டு வருகிறார். அவர் ஒன்றும் பேசுவதில்லை, தூக்குப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். குணமாகுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதவே இத்தனை வயது ஆகியிருக்கிறது எனக்கு.

கரண்ட் வைத்த முதல் நாள் என் கணவரை உள்ளே கூட்டிப்போய்க் கனத்த கதவைச் சாத்தினார்கள். மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில், குணமாக்கிவிட்டீர் ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. வேறு ஜெபம் எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் ஆண்டவருக்கு நான் முடிவுகளைத்தான் அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறேன், அவரிடம் பேசியதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. திடுக்கென்றது. பிறகு வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான். அதையே விளக்கு அணையும் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆண்டவர் எங்கேயும் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருப்பது போலிருந்தது. அப்படி எனக்கு முன்பு இருந்ததில்லை.

கதவு திறந்து என் கணவர் வந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஜெபம் பண்ணியா?"

"பண்ணேன்."

"இன்னா சொன்ன?"

"பயமா இருக்குதுன்னு சொன்னேன்."

அவர் கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தார்.

"நானும் உள்ள அதத்தான் சொன்னேன்" என்றார்.