லொரெத்தா மடித்த கப்பெல்லெத்தி

டிசம்பர் இருபத்து மூன்று, காலை ஒன்பதே கால். ரெஜ்ஜோ நகரத்தில் தன் அடுக்களையில் நீவெஸ் பாலாடைக்கட்டி துருவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தங்கை லொரெத்தாவின் பக்கத்து வீட்டுக்காரர் ஒரியானோ. ஜன்னல் இன்னும் திறக்கவில்லையே என்று போய்ப் பார்த்தாராம். தூக்கத்திலேயே போய்விட்டிருந்தாள். வயது அறுபத்து மூன்று.

லொரெத்தா முப்பத்தோரு வருஷம் ஆயத்த உணவுத் தொழிற்சாலையில் பெட்டிக்கு மேலுறை ஒட்டும் இயந்திரத்தருகே நின்றவள். வீட்டிலும் அதே பெட்டிச் சாப்பாட்டைத்தான் சுடவைத்துத் தின்றாள். அதில் அவளுக்கு வெட்கமே கிடையாது.

"நீ மூணு மணி நேரம் அடுப்படியில நிக்கிற, நான் மூணு நிமிஷம் நிக்கிறேன். பசி ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதானேக்கா அடங்குது?"

"அடங்கும்டி. அந்த அட்டைப்பெட்டியைத் தின்னாக்கூட அடங்கும்."

கிறிஸ்துமஸ் மதியம் மட்டும் இந்தப் பேச்சு செல்லாது. அன்றைக்குக் கோழிச் சூப்பில் கப்பெல்லெத்தி மிதந்தாக வேண்டும். இறைச்சிப் பூரணம் வைத்து, விரல்நுனி அளவில் தொப்பி போல மடித்த மாவு. ஆறு வருஷத்துக்கு முன்னால் நீவெஸுக்கு மணிக்கட்டு முறிந்து, லொரெத்தா மடிக்க வேண்டியதாயிற்று. பாதிக்குப் பாதி பானையில் வாய் பிளந்துவிட்டன.

"இது சூப்பா, விபத்தா?" என்றாள் நீவெஸ், மொத்தக் குடும்பத்தின் முன்னால்.

எல்லோரையும்விட லொரெத்தாதான் அதிகமாகச் சிரித்தாள். அடுத்த வருஷத்திலிருந்து தொழிற்சாலைக் கப்பெல்லெத்திப் பெட்டி ஒன்றுக்குச் சிவப்பு நாடா கட்டி எடுத்து வருவாள். அதைப் பானையில் போட நீவெஸ் ஒருநாளும் விட்டதில்லை.

இந்த நவம்பரில் அம்மா கல்லறையில் சாமந்தி வைத்துக்கொண்டே லொரெத்தா சொன்னாள்: "இந்த வருஷம் என் கையால மடிச்சுக் கொண்டுவரேன். பானையில போடணும்."

"வாய் பிளந்துச்சுன்னா?"

"ஈஸ்டர் வரைக்கும் உன் வீட்டுப் பாத்திரம் நான் கழுவுறேன்."

"அப்ப கையுறையை இப்பவே வாங்கி வச்சுக்கோ."

"பிளக்கலேன்னா, எல்லார் முன்னாடியும் நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அது போதும்."

தொலைபேசி வந்த அன்று காலை நீவெஸ் தங்கை வீட்டுக்குப் போனபோது, உறைகுளிர்ப் பெட்டியில் ஆறு டப்பாக்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதிச் சீட்டு, தொழிற்சாலையில் ஒட்டுவது போலவே. முதல் டப்பாவில் மடித்து வைத்திருந்ததெல்லாம் கோணல்மாணல். ஆறாவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சில்லிட்டுக் கிடந்த அடுக்களையின் மேஜையில் ஒரு மாவுப்பலகை, மேலே துணி. துணியை விலக்கினாள். வரிசை வரிசையாகக் கப்பெல்லெத்தி. மிச்சத்தைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கப் போயிருக்கிறாள்.

பலகையில் மடித்திருந்ததை எல்லாம் ஒரு தட்டில் அடுக்கி, ஒரியானோவின் காரில் மடியில் வைத்தே எடுத்து வந்தாள்.

கிறிஸ்துமஸ் மதியம் அவற்றைக் கொதிக்கும் சூப்பில் போட்டுவிட்டு, கரண்டியோடு பானையை விட்டு நகராமல் நின்றாள். ஒன்றுகூட வாய் பிளக்கவில்லை. விருந்துக்கு வந்திருந்த ஒரியானோ உட்பட எல்லோருக்கும் பரிமாறினாள். தானும் ஒன்றை மென்றாள்.

"நல்லாருக்கு," என்றாள், மேஜை முழுக்கக் கேட்கும்படி. பிறகு, "என்னோடதைவிட மெலிசா இருக்கு. திமிர் புடிச்சவ."

முதலில் சிரித்தது ஒரியானோதான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

லொரெத்தாவின் பலகையில், சதுரமாக வெட்டிய பதினேழு மாவுத் துண்டுகள் பூரணம் வைக்காமலே காய்ந்து கிடந்தன.