அவளை என் வாசலில் நிறுத்து என்று கேட்டேன்

சகோதரிகளே, நல்லவள் வேஷம் போட்டு உங்கள் முன்னால் நிற்க எனக்கு விருப்பமில்லை. நான் இரண்டு துஆ கேட்டேன். ஒன்று என் மகளுக்காக. இன்னொன்று என் நாத்தனாருக்கு எதிராக. இரண்டையும் அல்லாஹ் கொடுத்தான்.

என் மகள் ரிஸ்வானாவுக்குப் பதினான்கு வயது. பிறந்ததிலிருந்தே இருமல். முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கும். காசநோய் என்று இரண்டு முறை மாத்திரை கொடுத்தார்கள். ஏழு வயதில்தான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று தெரிந்தது. நுரையீரலில் சளி பசைபோல் கட்டி, அதில் கிருமி குடியேறிவிடும். தாய், தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் சேர்ந்து வருகிற பிறவி நோய், வீட்டில் யாருக்கும் ஒட்டாது என்றார் டாக்டரம்மா.

நாத்தனார் மும்தாஜ் நம்பவில்லை. பம்மலில் ஒரே வீட்டில் அவள் கீழே, நாங்கள் மேலே. "டிபி கேஸை வூட்டுல வெச்சுகினு எல்லாருக்கும் ஒட்ட வெக்கப் பாக்குறியா? உன் வயித்துல வந்த கேடு, உன்னோட போவட்டும்" என்று தெருவே கேட்கக் கத்துவாள். மூன்று வருடத்துக்கு முன் அவள் மகன் கல்யாணத்தில் என் மகளைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டாள். ரிஸ்வானா கையைத் துடைத்துக்கொண்டு, "பசிக்கலம்மா" என்றாள். அந்த மாதமே மாடம்பாக்கத்துக்குக் குடிபோனோம்.

அன்றிலிருந்து அஸர் தொழுததும் கை ஏந்துவேன். "யா அல்லாஹ், அவளை என் வாசலில் நிறுத்து. அவள் கெஞ்சுவதை நான் பார்க்க வேண்டும்." தோல் பட்டறையில் வேலை செய்யும் என் கணவர் சாது. "அக்காதானே, வுட்டுடேன்" என்பார். விடவில்லை.

போன வருடம், ரமலானுக்கு முந்தைய மாதம், ரிஸ்வானா படுத்துவிட்டாள். சளியில் ரத்தம். பரிசோதனைத் தாளில் வரிசையாக ஆன்டிபயாடிக் பெயர்கள். ஒன்றுக்கும் கிருமி அடங்கவில்லை. "ரெண்டு மருந்தைச் சேர்த்து ஏத்திப் பாக்கலாம். கேரண்டி தர முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா. அந்த நாட்களில் மட்டும் மும்தாஜ் பெயர் என் துஆவில் இல்லை. மூச்சு மட்டும் கொடு என்று அழுதேன். ஒன்பதாம் நாள் காய்ச்சல் இறங்கியது. "பசிக்குதும்மா" என்றாள் என் மகள்.

ஆறு மாதம் கழித்து ஒரு மாலை கதவைத் திறந்தால், மும்தாஜ். கையில் நாலு மாதப் பேரன், எலும்பும் தோலுமாக. மருமகளும் அவர்கள் சொந்தத்திலேயே எடுத்த பெண்.

"இன்னா பண்றதுன்னே தெரியல. இருமிகினே கீது. பால் குடிச்சும் தேறல. முத்தம் குடுத்தா உப்பு கரிக்குது. உன் புள்ளைக்கும் இப்டித்தானே இருந்துச்சு? வழி சொல்லும்மா."

கெஞ்சினாள். பொய் சொல்ல மாட்டேன், இனித்தது.

"யார் வயித்துல வந்த கேடு அக்கா இது?" என்றேன். அவள் தலை குனிந்தாள். உள்ளே காலெடுத்து வைத்தவளை, கையைக் குறுக்கே நீட்டி மறித்தேன். "புள்ளைய என் பொண்ணுகிட்ட கொண்டாராதீங்க."

அவள் முகம் செத்துப்போனது. பழிவாங்குகிறேன் என்று நினைத்தாள். பாதி அதுதான். மீதிப் பாதி வேறு. இந்த நோய் உள்ள ஒருவரின் கிருமி, இதே நோய் உள்ள இன்னொருவருக்கு ஒட்டும். ரிஸ்வானாவின் கிருமியை அந்தப் பிஞ்சு தாங்காது. காரணம் சொல்லாமல் கதவைச் சாத்தியிருக்கலாம். சாத்தத்தான் நினைத்தேன். குழந்தை இருமியது. அந்த இருமலை எனக்குத் தெரியும்.

வெளிப்படியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா பெயரை எழுதிக் கொடுத்து, வியர்வைப் பரிசோதனை எடுக்கச் சொன்னேன். இந்த நோய்தான் என்று உறுதியானது. சீக்கிரமே கண்டுபிடித்ததால் பையன் தேறி வருகிறான்.

அவனுக்கு நோய் வரவேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவன் அதோடுதான் பிறந்தான். இப்போது என் துஆவில் அவன் பெயரும் உண்டு. மும்தாஜ் பெயர் இல்லை. நான் அவளை மன்னிக்கவில்லை. அதை அல்லாஹ்விடமும் மறைக்கவில்லை.

கிருமி இன்னும் ரிஸ்வானாவுக்குள் இருக்கிறது, அடங்கி இருக்கிறது. அவள் ஷேர் ஆட்டோ ஏறிப் பள்ளிக்கூடம் போகிறாள். அல்ஹம்துலில்லாஹ். சகோதரிகளே, மனசில் இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு எப்படித் தொழுவது என்று ஒதுங்காதீர்கள். கோபத்தோடேயே அல்லாஹ்வின் முன் போய் நில்லுங்கள். என்னை அவன் அப்படித்தான் ஏற்றுக்கொண்டான்.