வசீலா எழுதி வைத்து மறந்தது

முந்தாநாள் என்ன சமைத்தாய் என்று என் அண்ணி வசீலாவிடம் கேட்டால் உடனே பதில் வராது. ஒரு விரலைத் தூக்கி, "இரு" என்பாள். உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, "கணவாய் போட்ட குஸ்குஸ். உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று படிப்பாள். அந்தக் கோதுமை ரவைக் குஸ்குஸை அவளோடு ஒரே தட்டில் தின்றவள் நான். உப்பு தூக்கல்தான். அதைச் சொல்ல நோட்டு எதற்கு என்பதுதான் எனக்கு முப்பது வருஷமாக விளங்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்பே அவள் எங்கள் ஊர் ஸ்ஃபாக்ஸின் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். யார் யாரைக் கேட்டார், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம் என்று ஒவ்வொரு அழைப்பையும் சீட்டில் எழுத வேண்டும். பிறகு இயந்திரம் வந்தது, வேலை போனது. எழுதுகிற கை மட்டும் வீட்டோடு வந்துவிட்டது. எரிவாயு உருளை மாற்றிய நாள், எந்த ஜாடி ஆலிவுக்கு எத்தனை கைப்பிடி உப்பு, யார் வந்தார், என்ன முகத்தோடு போனார், எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டில் ஏறும். நோட்டுகள் நிரம்பி, குஸ்குஸ் வைக்கிற பெரிய தகர டப்பாக்களில் இரண்டைப் பிடித்துக்கொண்டன. என் அண்ணன் உயிரோடு இருந்தவரை, "இந்த வீட்ல தும்முறதுக்குக்கூட பயமா இருக்கு" என்பார். அவர் தும்மியதும் எங்கேயாவது இருக்கும்.

ஒருமுறை நானே கேட்டேன்.

"எதுக்கு அண்ணி இவ்வளவு?"

"எழுதிட்டா மண்டை காலியாயிடும் ஸக்கியா. அப்புறம் நிம்மதியா தூங்கலாம்."

அது வெறும் பேச்சு இல்லை. எழுதிய நிமிஷமே அவளுக்கு அந்த விஷயம் மறந்துபோகும். மறப்பதற்காகவே எழுதுகிறாள் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

இன்னொரு கோளாறும் உண்டு. அவள் நாள் போடுவாள், மாதம் போடுவாள், வருஷம் போடமாட்டாள். கேட்டால், "இது எந்த வருஷம்னு ஊருக்கே தெரியுமே" என்பாள். காகிதத்தை வீணாக்க மனசு வராது. பழைய நோட்டில் நாலு பக்கம் வெள்ளையாகக் கிடந்தால் பத்து வருஷம் கழித்து அதிலும் எழுதுவாள். ஒரே நோட்டில் மகள் உல்ஃபாவுக்குப் பல் முளைக்கும். அடுத்த பக்கத்தில் அதே உல்ஃபாவுக்குக் கல்யாணம் நடக்கும்.

போன வருஷம் அவள் மகன் மெஹ்ரெஸுக்குப் பெண் பார்த்தோம். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, பெண் கீழ் வீட்டிலேயே இருந்தாள். நாங்கள் நடுமாடி, நெஜிபாவின் குடும்பம் தரைத்தளம். நெஜிபாவுக்கு மூத்தவன் நிஸார், இளையவள் ஸுந்துஸ். மெஹ்ரெஸும் ஸுந்துஸும் எத்தனை வருஷமாகப் படிக்கட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பாத்திஹா ஓதி நிச்சயம் செய்வதாகப் பேச்சு. திங்கட்கிழமை காலையில், உல்ஃபாவின் நிச்சயத்துக்கு எத்தனை கிலோ பாதாம் வாங்கினோம் என்று பார்க்க அண்ணி தகர டப்பாவைத் திறந்தாள்.

பாதாம் கிடைக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து அவள் என்னைக் கூப்பிட்ட குரலே வேறாக இருந்தது.

"ஸக்கியா, இது என் கையெழுத்துதானா பாரு."

அவளுடைய கையெழுத்துதான். இப்படி இருந்தது: "ரமலான் 12. நெஜிபா ஆஸ்பத்திரியில். பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. அவள் மாமியாரால் முடியவில்லை. நான் வாங்கி மாரில் போட்டேன். குடித்துத் தூங்கியது. நெஜிபா வந்ததும் சொல்ல வேண்டும்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு வயதுக்குள் ஒரு பிள்ளை எவள் மாரில் ஒரு வாய் குடித்தாலும் அது அவளுக்கும் பிள்ளை. அவள் பெற்றதுகளும் அதுவும் கூடப்பிறந்தவர்கள். கட்டிக்கொள்ள முடியாது, மார்க்கமும் விடாது, சட்டமும் விடாது. அதனால்தான் பால் கொடுத்தவள் அன்றைக்கே நாலு பேர் காதில் போட்டுவைப்பாள். என் அண்ணி நோட்டின் காதில் போட்டிருக்கிறாள்.

"எந்தப் பிள்ளை அண்ணி?"

"தெரியலையே."

"குடுத்தவ நீ. தெரியலைன்னா?"

"அதான் எழுதியிருக்கேனே" என்றாள். சொல்லிவிட்டு அவளே விழித்தாள்.

நெஜிபா தன் பிள்ளை ஒவ்வொன்றும் கைக்குழந்தையாக இருந்தபோது ஆஸ்பத்திரியில் படுத்தவள். நிஸாரின் போது சிறுநீரகக் கல், ஸுந்துஸின் போது குடல்வால். நடுவில் நாலு வருஷம். இரண்டு தடவையும் ரமலான். இரண்டு தடவையும் அண்ணிக்குப் பால் இருந்தது, முதலில் உல்ஃபாவுக்கு, பிறகு மெஹ்ரெஸுக்கு. குடித்தது நிஸார் என்றால் ஒரு தொல்லையும் இல்லை. அவன் ஒருவன்தான் அண்ணிக்குப் பிள்ளையாவான், அவன் தங்கையை மெஹ்ரெஸ் தாராளமாகக் கட்டலாம். குடித்தது ஸுந்துஸ் என்றால் எல்லாம் முடிந்தது.

"நிஸார்தான்" என்றேன் நான். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அன்னிக்கு வீடெல்லாம் பன்னீர் மாதிரி ஆரஞ்சுப்பூ வடிச்ச வாசனை. நீ அவனை மடியில போட்டுட்டு ஜன்னலோரம் உக்காந்திருந்தே."

"நிஜமாவா?"

"சத்தியமா."

சத்தியம் செய்த பிறகுதான் யோசித்தேன். அண்ணி மடியில் பிள்ளையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது எனக்குக் கண்ணில் தெரிந்தது. ஆனால் அது யாருடைய பிள்ளை? உல்ஃபாவாகவும் இருக்கலாம். பூ வாசனை வேறொரு நாளிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதோ என்னவோ. நிஸாராக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதால் நிஸாராகத் தெரிந்தானா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

அடுத்த இரண்டு நாள் நாங்கள் செய்ததை வேலை என்றும் சொல்ல முடியாது, பைத்தியம் என்றும் சொல்ல முடியாது. நோட்டுகளைத் தரையில் பரப்பி, எது எந்த வருஷம் என்று பிரித்தோம். பிரித்ததை மறுபடி கலைத்தோம். "மழை, மொட்டைமாடியில் மிளகாய் நனைந்தது" என்று ஏழு இடத்தில் இருந்தது. "உல்ஃபாவுக்குக் காய்ச்சல்" என்று இருந்தால் அது எந்தக் காய்ச்சல்? அண்ணி ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படிப்பாள், யாரோ முன்பின் தெரியாத பெண்ணின் வீட்டு விஷயத்தைக் கேட்பதுபோல ஆச்சரியப்படுவாள்.

"இங்க பாரு, நான் அழுதிருக்கேன். எதுக்குன்னு போடல."

"இப்ப அதுவா முக்கியம்?"

மெஹ்ரெஸ் துறைமுக அலுவலகத்திலிருந்து வந்து எட்டிப்பார்த்தான். "ரெண்டு பேரும் என்ன பண்றீங்க? ஊர் கணக்கெல்லாம் முடிக்கிறீங்களா?"

"பாதாம் எத்தனை கிலோன்னு பாக்கறோம்டா" என்றாள் அவன் தாய், தலை நிமிராமல்.

"ரெண்டு நாளாவா? அத்தை, நீயாவது அவங்களைச் சாப்பிட வை" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். படிக்கட்டில் விசிலடித்துக்கொண்டு இறங்கினான். எனக்கு அண்ணியை அறையலாம் போல இருந்தது.

புதன்கிழமை ஸுந்துஸ் திரைச்சீலைத் துணி இரண்டு கொண்டுவந்தாள். "மாமி, நீலமா, பச்சையா? உங்க வீட்டு வெளிச்சம் உங்களுக்குத்தான் தெரியும்." மாமி என்று அவள் புதிதாகக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள், ஒவ்வொரு தடவையும் லேசாக முகம் சிவக்கும். அண்ணி துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள். நீலம் என்றாள், உடனே பச்சை என்றாள். பெண் ஒன்றும் புரியாமல் இரண்டையும் விட்டுவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகுதான் நான் அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்தேன். பால் கொடுத்த வரிகளுக்கு மேலே, ஓரத்தில், பொடி எழுத்தில் ஒன்று இருந்தது: "நோன்பு திறப்பு 5.57." ரமலானில் தினமும் சூரியன் மறைந்து வானொலியில் பாங்கு சொன்ன நிமிஷத்தை எழுதுவது அவள் பழக்கம். ரமலான் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். நிஸார் கைக்குழந்தையாக இருந்த ரமலான் ஆரஞ்சு பூக்கிற மார்ச் கடைசி. அப்போது சூரியன் ஆறரைக்கு முன்னால் மறையாது. நாலு வருஷத்தில் ரமலான் குளிருக்குள் போய்விட்டது. ஐந்து ஐம்பத்தேழு என்றால் பிப்ரவரி. பிப்ரவரி என்றால் ஸுந்துஸ்.

நான் கட்டைவிரலை அதன்மேல் வைத்து மறைத்துக்கொண்டேன். பொய் சொல்ல மாட்டேன், மறைக்கத்தான் வைத்தேன்.

"விரலை எடு" என்றாள் அண்ணி.

எடுத்தேன். அவள் பார்த்தாள். எழுந்து சுவரில் தொங்கிய தொழுகை நேரக் காலண்டரில் பிப்ரவரிப் பக்கத்தைப் பார்த்தாள். மார்ச்சைப் பார்த்தாள். திரும்பவும் பிப்ரவரி.

"கிழிச்சுப் போடு அண்ணி" என்றேன். "உனக்கும் ஞாபகம் இல்ல, எனக்கும் இல்ல. நெஜிபாவோட மாமியார்க் கிழவி செத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. இந்த ஒரு தாள்தான். ரெண்டு பிள்ளைங்க வாழ்க்கை."

"கிழிச்சா?"

"கிழிச்சா போச்சு."

"கிழிச்சேன்னு எழுதணுமே" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் போய்விட்டது, பயம் வந்துவிட்டது.

அன்று மத்தியானமே கீழே போனோம். நெஜிபா அடுப்படியில் பாதாம் தோலுரித்துக்கொண்டிருந்தாள், வெள்ளிக்கிழமைக்கு. அண்ணி உட்காரக்கூட இல்லை. நோட்டை நீட்டினாள். நெஜிபா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"இது ஸுந்துஸா?"

"ஆமா. ஸுந்துஸ்தான். பார்த்துட்டோம்."

நெஜிபா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பாதாம் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள்.

"எங்க மாமியார் சர்க்கரைத் தண்ணி குடுத்தேன்னாங்க. வெறும் சர்க்கரைத் தண்ணி. நான் ஆஸ்பத்திரியில மாரு கட்டிக்கிட்டு, பாலைப் பிழிஞ்சு கீழே ஊத்திட்டுக் கிடந்தேன். எம்புள்ளை பட்டினி கிடக்கு, எம்புள்ளை பட்டினி கிடக்குன்னு. இத்தனை வருஷமா ரமலான் வந்தா எனக்கு அதுதான் ஞாபகம் வரும் அக்கா." மூச்சு வாங்கினாள். "நீ குடுத்தியா? வயிறு நெறஞ்சுதா அவளுக்கு?"

"தூங்கிடுச்சுன்னு போட்டிருக்கேன்."

"உன் கையைப் பிடிச்சு முத்தம் குடுக்கவா, இந்தக் கிண்ணத்தைத் தூக்கி உன் தலையில போடவா? எனக்குத் தெரியல. எனக்கு ஒண்ணுமே தெரியல."

ஸுந்துஸ் கதவோரம் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. தாயையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரை என்னவென்று கூப்பிடுவது என்று அவளுக்கே குழம்பியிருக்க வேண்டும், வாயைத் திறந்து ஒரு பெயரும் வராமல் மூடினாள். கடைசியில், "மெஹ்ரெஸுக்கு நானே சொல்றேன். வேற யாரும் சொல்லாதீங்க" என்றாள். செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு இறங்கி, துறைமுகப் பக்கம் நடந்தாள்.

படியேறும்போது அண்ணி பாதியில் நின்றுவிட்டாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை எப்படி எழுதறது ஸக்கியா? எதுல ஆரம்பிக்கிறது?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"எழுதாதே" என்றேன். "இதை மட்டும் எழுதாதே அண்ணி. எழுதினா மறந்துடுவே."