தட்டிக்கு அந்தப் பக்கம்

ஒரு மூங்கில் தட்டி. நடுவில் சாக்பீஸ் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. காஞ்சிபுரத்தில் நான் முதன்முதலாக வேலை பார்த்த கல்லூரியை நினைத்தால் அதுதான் முதலில் வந்து நிற்கிறது. நீளமான ஒரே கூடத்தை அந்தத் தட்டி இரண்டு வகுப்பாக்கியிருந்தது. இந்தப் பக்கம் நான், பொருளாதாரம். என் இடப்பக்கம், தட்டிக்கு அந்தப் பக்கம், அரசியல் பாடம் எடுக்கும் மேடம். சாக்பீஸ் தீர்ந்தால் ஓட்டை வழியாகக் கை நீட்டுவார். குரல்கள் தாராளமாகத் தாண்டும். பாடங்கள் மட்டும் தாண்டக் கூடாது. அரசியல் பொருளாதாரம் என்று புதிதாக வந்த பாடத்தைக்கூட ஆட்டுக்கறி பங்கு போடுவதுபோல ஆளுக்குப் பாதியாக வெட்டிக்கொண்டிருந்தோம்.

எழுபதுகளின் தொடக்கம். நான் தற்காலிக விரிவுரையாளன். நிரந்தரமாக்கலாமா என்று பார்க்கக் கல்லூரி முதல்வர் ஒரு காலை குடையும் கையுமாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பட்டுச்சேலைக்கு விலை எப்படி அமைகிறது என்பது பாடம். வாங்குபவர் கோடு ஒன்று, விற்பவர் கோடு ஒன்று, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் விலை. அவரைப் பார்த்துக்கொண்டே வரைந்ததில் கோடுகள் ஒன்றையொன்று பார்க்காமலே பலகையை விட்டு வெளியேறின. புதுச் சட்டைக் கையாலேயே அழித்தேன். அப்போதுதான் நெசவாளர் வீட்டு மாணவன் ஒருவன் எழுந்தான்.

"சார், போன மாசம் சேலை வாங்க ஆளு இருந்தாங்க. நெய்ய எங்கப்பா இருந்தாரு. சொசைட்டில சரிகை குடுக்க மேல கையெழுத்து வரலன்னு தறி சும்மா நின்னுக்கினு இருந்துச்சு. உங்க கோட்டுல அந்தக் கையெழுத்து எங்க சார் இருக்குது?"

"அது அரசியல்பா, மேடம்கிட்ட கேளு" என்றேன், கம்பீரமாக.

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "சார், அது பொருளாதாரம்னு நான்தானே நேத்து அவன உங்ககிட்ட அனுப்பி வெச்சேன்!"

இரண்டு வகுப்பும் சேர்ந்து சிரித்ததில் கூரை ஓடு நகர்ந்திருக்கும். மனத்துக்குள் நான் பெட்டி கட்டி, பஸ்ஸும் ஏறிவிட்டேன். அதற்குள் மேடம் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். அவரும் நெசவுக் குடும்பம்தான். "சேலைல உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம்னா ஒத்த ஆளு நெய்ய முடியுமா சார்? கரை நூல் ஓடுற நாடாவத் தள்ளப் பக்கத்துல இன்னொருத்தர் வேணுமில்ல? நீங்க தள்ளுங்க, நான் வாங்கிக்கிறேன்."

சரிகை கிடைக்காவிட்டால் சேலை விலை எப்படி ஏறும் என்று நான் சொன்னேன். கையெழுத்துப் போட வேண்டிய அந்தக் காகிதம் யார் மேசையில் தூங்குகிறது, தேர்தல் வந்தால் மட்டும் ஏன் விழித்துக்கொள்கிறது என்று அவர் சொன்னார். விழித்ததும் முதலில் எந்தத் தெருத் தறி ஓடும், யாருக்கு லாபம் என்று நான் தொடர்ந்தேன். மணி அடித்ததுகூட எங்களுக்குக் கேட்கவில்லை. முதல்வர் எழுந்து குடையால் தட்டியைத் தட்டினார். "இத எடுத்துடுங்கப்பா. மறைக்குது."

வேலை நிரந்தரமாயிற்று. அந்தப் பாடத்துக்கு மட்டும் பிறகு இருவரும் ஒரே பலகை முன் நின்றோம். நான் திணறும்போதெல்லாம் மேடம் மெதுவாகச் சொல்வார்: "நாடா வருது சார், புடிங்க."

இப்போது என் வகுப்பறைக்குக் கனத்த சுவர்கள். தெரியாத கேள்வி வந்தால் இன்றைக்கும் என் கண் இடப்பக்கச் சுவருக்குத்தான் போகிறது. சார் ஆழ்ந்து யோசிக்கிறார் என்று மாணவர்கள் மரியாதையாகக் காத்திருக்கிறார்கள். நான் அந்த ஓட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.